தரகனின் ஈறும் வைகாசி முகூர்த்தமும்

எனக்கு இப்போது வயது எழுபத்தெட்டு. வாயில் இருபத்தாறு பல் இருக்கிறது. இருபத்தாறும் தானாக முளைத்தவை, எவனும் கட்டிக் கொடுத்ததல்ல. கரும்பைக் கணுவோடு கடிப்பேன். என் பேரன்கள் அதை வேடிக்கை பார்ப்பார்கள், அவர்களுக்கு முறுக்கு கடித்தாலே பல் கூசுகிறது. இந்தப் பற்களை நான் காப்பாற்றி வைத்திருக்கிற விதத்தைக் கேட்டால் பெரிய படிப்புப் படித்தவர்களும் வாயைப் பிளப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. மணப்பாறை மாட்டுச் சந்தைக்குக் கயிறு பிடிக்கப் போனவன், ஆறே வருஷத்தில் சொந்தமாகத் தரகு பண்ண ஆரம்பித்து, முப்பது வயதுக்குள் திருச்சி தென்னூரில் ஓட்டு வீடு வாங்கினேன். யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. ஒரு மாட்டின் வாயை நான் திறந்து பார்த்துச் சொன்னால், அதற்கு மேல் பேச்சு கிடையாது. மாட்டின் வயசு அதன் பல்லில் இருக்கிறது. கீழ் வரிசையில் பால்பல் விழுந்து முளைப்பதை வைத்து ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று கணக்கு. எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்தது என்போம். மேல் வரிசையில் மாட்டுக்கு முன்பல்லே கிடையாது. படித்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

இப்படி ஊர் மாட்டுக்கெல்லாம் பல் பார்த்த எனக்கே பல் மோசம் பண்ணியது. அதுவும் எப்போது? என் கல்யாணத்துக்கு இருபத்தேழு நாள் இருக்கும்போது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டோ அறுபத்துமூன்றோ இருக்கும். பெண் உப்பிலியபுரம். அவள் அப்பா நிலம் நீச்சு உள்ள விவசாயி. அவருக்கு நான் இரண்டு ஜோடி உழவு மாடு வாங்கிக் கொடுத்திருந்தேன், அந்தப் பழக்கத்தில் வந்த சம்பந்தம். பெண் பார்க்கப் போன அன்று நான் நன்றாகச் சிரித்துப் பேசினேன். பெண் உள்ளே போய் அவள் அம்மாவிடம், "பல்லு வரிசையா இருக்கும்மா" என்று சொன்னாளாம். சம்மதம் என்பதற்கு அதுதான் அர்த்தம் என்று அவர்கள் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். வைகாசியில் முகூர்த்தம் குறித்து, பத்திரிகையும் அடித்தாயிற்று.

அந்த முகூர்த்தத்தைத் தள்ளிப்போட வழியில்லை. பெண்ணின் அண்ணன் மிலிட்டரியில் இருந்து லீவில் வருகிறான், வைகாசியோடு திரும்பிவிடுவான். அதைவிடப் பெரிய விஷயம், மூத்த பெண்ணுக்கு முன்பு ஒரு இடத்தில் குறித்த நாள் தள்ளிப்போய், பிறகு அந்த இடமே நின்றுபோயிருந்தது. அதனால் பெண்ணின் அப்பா தட்டு மாற்றும்போதே எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்: "நாள் மாறுச்சுன்னா நானும் மாறிருவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

அந்த நிலைமையில்தான் ஒரு காலையில் இடப்பக்கத் தாடை வீங்கி, வாய் இரண்டு விரல்கூடத் திறக்காமல் போய்விட்டது. காய்ச்சலும் இருந்தது. என் வீட்டை அப்போது என் அக்காதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கிராம்பை நசுக்கி வைத்தாள். ஒத்தடம் கொடுத்தாள். இரண்டாம் நாள், "டேய், இது கைவைத்தியத்துக்கு அடங்காது. ஸ்ரீரங்கத்துல பல் டாக்டர் இருக்காராம், போய்ட்டு வா" என்று விரட்டினாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி, சித்திரை வீதியில் விசாரித்துப் போனேன். டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருமண். வெள்ளைக்கோட்டுக்குள் பஞ்சகச்சம். ஒரு சின்னக் கண்ணாடியை என் வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"ஞானப்பல் ஓய். நேரா முளைக்க இடமில்லாமே குறுக்கே படுத்துண்டிருக்கு. பாதி ஈறுக்குள்ளே. அறுத்துத்தான் எடுக்கணும்."

"அறுங்க சாமி. இப்பவே அறுங்க. எனக்குப் பயமெல்லாம் கிடையாது."

"உமக்குப் பயம் இல்லாட்டா என்ன, எனக்கு இருக்கே! இந்த ஈறைப் பார்த்தீரா? தொட்டாலே ரத்தம். எதாலே பல் விளக்கறீர்?"

"உமிக்கரியும் உப்பும் சாமி. நான் பல்லு விளக்குனா தெருக்கோடி வரைக்கும் சத்தம் கேக்கும்."

"கேக்கும், கேக்கும். பாத்திரமா தேய்க்கறீர், பல்லா தேய்க்கறீர்? ஈறு தேஞ்சு வேர் தெரியறது."

பிறகு பொறுமையாகச் சொன்னார். இப்படிப் புண்ணாகி வீங்கியிருக்கிற ஈறில் கத்தி வைத்தால் ரத்தம் லேசில் நிற்காது, தையல் பிடிக்காது, சீழும் கோத்துக்கொள்ளும். மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை அடக்கலாம். ஈறை ஆற்ற வேண்டியது என் பொறுப்பு. அதற்குப் பத்து நாள். மெல்லிய நாரில் ஒரு பிரஷ் கொடுத்தார். அதை வெந்நீரில் நனைத்து இன்னும் மிருதுவாக்கிக்கொள்ள வேண்டும். பேனா பிடிப்பதுபோல் மூன்று விரலால் பிடித்து, ஈறிலிருந்து பல்லை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும், காலையும் இரவும். கடைசிப் பல்லுக்குப் பின்னால் பிரஷ் போகாத இடத்தில் சுத்தமான ஈரத்துணியை விரலில் சுற்றித் துடைக்க வேண்டும். சாப்பிட்டவுடன் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்திருந்து துப்ப வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் கூடாது.

"ரத்தம் வந்தா விளக்கறதை நிறுத்தப்படாது. மெதுவா விளக்கணும். அழுக்கு நின்னாத்தான் ஈறு வீங்கும். புரியறதா?"

"கல்யாணம் இருக்கு சாமி. வைகாசியில, இன்னும் இருபத்தாறு நாள்தான்."

"இருபத்தாறு நாள் இருக்கோன்னோ? ஈறுக்குப் பத்து, அறுத்தப்புறம் வீக்கம் வத்த ஒரு வாரம். தாராளம். மெதுவா மட்டும் விளக்கும், போரும்."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எட்டு நாள் மெதுவாக விளக்கினேன். ஆனால் என் மெதுவுக்கே அந்த பிரஷ் மூன்றாம் நாள் விளக்குமாறு மாதிரி விரிந்துபோயிற்று. வெற்றிலையை ஒன்றும் முழுசாக விடவில்லை, சந்தையில் நாலு பேர் நீட்டும்போது எப்படி மறுப்பது? ஒன்பதாம் நாள் கண்ணாடியில் பார்த்தேன். ஈறு அப்படியே கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மறுநாள் டாக்டர் பார்க்கும் நாள்.

இங்கேதான் என் தொழில் மூளை வேலை செய்தது. சந்தைக்கு முதல் நாள் மாட்டை என்ன செய்வோம்? குளிப்பாட்டி, கொம்பு சீவி, எண்ணெய் பூசி, பல்லில் கறை இருந்தால் அதையும் தேய்த்துச் சோடித்துத்தான் ஓட்டிப்போவோம். பார்க்கிறவன் கண்ணுக்கு நன்றாக இருந்தால் பாதி வியாபாரம் முடிந்தது. டாக்டரும் ஒரு பார்வைதானே பார்க்கப் போகிறார்? உமிக்கரி, உப்பு, சலித்த செங்கல்பொடி மூன்றையும் கலந்து, பத்து நாள் பாக்கியையும் சேர்த்து ஒரே காலையில் தேய்த்தேன். ஈறுக்கு எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்து, மேலே மஞ்சளும் நல்லெண்ணெயும் தடவினேன். பல் கண்ணாடி மாதிரி மின்னியது. வாய் நெருப்பாக எரிந்தது.

டாக்டர் வாயைப் பார்த்தார். பஞ்சை வைத்து ஒற்றினார், பஞ்சு சிவந்தது.

"என்ன பண்ணினீர்? பொய் சொல்லாமச் சொல்லும்."

சொன்னேன். மாட்டைச் சோடிப்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் திருமண் கோணிக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் உம்ம வாயை விலைக்கு வாங்கப் போறதில்லை ஓய். அறுக்கப் போறேன்! ஏமாந்து நான் கத்தியை வச்சா அவஸ்தை யாருக்கு?"

அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது. இன்னும் ஏழு நாளுக்குள் ஈறு ஆற வேண்டும், அதற்கு மேல் ஒரு நாள் தள்ளினாலும் மணவறையில் வீங்கிய மூஞ்சியோடுதான் உட்கார வேண்டும் என்றார். அறுக்காமலே கல்யாணத்தை முடித்துக்கொள்கிறேன் என்றேன். எந்த நாள் மறுபடி வீங்கிக் காய்ச்சல் வரும் என்று தன்னால் சொல்ல முடியாது, முகூர்த்தத்தன்றே வந்தாலும் வரும் என்றார். எனக்கு உப்பிலியபுரத்தார் சொன்னது காதில் கேட்டது. நாள் மாறினால் அவரும் மாறிவிடுவார்.

"மெதுவாத்தான் சாமி விளக்குனேன். எனக்கு மெதுவுன்னா அவ்வளவுதான் வருது."

"பேனா பிடிக்கறாப்லே பிடிக்கச் சொன்னேனே?"

"நான் பேனா பிடிக்கிறதே கையெழுத்துக்குத்தான் சாமி. அதையும் ஏர் பிடிக்கிற மாதிரி பிடிப்பேன். ரெண்டு நிப்பு உடைஞ்சிருக்கு."

அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்ப்புக் காய்த்த கை. ஏதோ யோசித்தவர், "ஆமா, உங்க சந்தையிலே துண்டைப் போட்டு மூடிண்டு கைக்குள்ளே விலை பேசுவேளாமே, அது என்னங்காணும்?" என்று கேட்டார்.

இதைக் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். தோள் துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, உள்ளே என் கையை விட்டேன். சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காகத்தான் துண்டு. ஒரு விரலைத் தொட்டால் ஒன்று, இரண்டைத் தொட்டால் இரண்டு, விரலை மடக்கினால் அரை. முழுக் கையையும் இறுகப் பிடித்தால் பேச்சு முடிந்தது, மாடு கைமாறியது. அப்புறம் யார் வந்து என்ன சொன்னாலும் மாறக்கூடாது. என் ஆயுசில் துண்டுக்குள் நான் பொய் சொன்னதில்லை.

"இப்போ என் விரலைப் பிடிச்சிண்டிருக்கீரா?"

"ரெண்டு விரலைப் பிடிச்சிருக்கேன் சாமி."

"எறும்பு ஊர்றாப்லேன்னா இருக்கு!"

"அழுத்திப் பிடிச்சா இவனுக்கு அவசரம்னு எதிராளிக்குத் தெரிஞ்சு போயிருமே. இந்தப் பிடியில என்னை மிஞ்ச மணப்பாறையில ஆள் கிடையாது."

டாக்டர் தன் தொடையில் ஒரு தட்டு தட்டினார். "இந்தக் கைதான் ஓய் வேணும்! இதைத் தூக்கிண்டு போய் வாயிலே வையும்!" என்றார். ஒரு புது பிரஷை எடுத்துத் துண்டுக்குள்ளேயே என் விரல்களில் கொடுத்து, தன் நகத்தோரத்தைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். "இன்னும் லேசா. தோல் வெளுக்கப்படாது. ம்... அதான். அவ்வளவுதான் அழுத்தம்."

எனக்கு முப்பது வருஷத்தில் பல் விளக்கத் தெரிந்தது அந்த நிமிஷம்தான்.

அந்த ஏழு நாளும் நான் இருந்த கட்டுப்பாடு எவனுக்கும் வராது. பிரஷை வெந்நீரில் நனைத்து, முதலில் என் நகத்தோரத்தில் தேய்த்துத் தோல் வெளுக்கிறதா என்று சோதிப்பேன். பிறகுதான் வாய். ஆனால் ஒரு சங்கடம். கை வெளியே தெரிந்தால் பழைய முரட்டுத்தனம் வந்துவிடும். மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டால்தான் விரலுக்குப் பதம் வரும். ஆகவே கிணற்றடியில் முகத்தையும் கையையும் சேர்த்துத் துண்டால் மூடிக்கொண்டு விளக்குவேன். அக்கா பார்த்துவிட்டாள்.

"என்னடா இது கூத்து? ஈறோட வெலை பேசுறியா?"

"பேசாம இரு அக்கா. ஏழு நாள் கெடு."

"மூணாங் கிளாஸோட நின்னவனுக்கு ஞானப்பல்லு வேற! அது வெக்கப்பட்டுத்தான் உள்ளயே படுத்துக்கிச்சு."

முதல் இரண்டு நாள் துப்பினால் கொஞ்சம் சிவப்பாக வந்தது. நிறுத்திவிடலாமா என்று கை தயங்கியது. டாக்டர் சொன்னது நினைவுக்கு வரும், துண்டை இழுத்து மூடிக்கொள்வேன். மூன்றாம் நாள் வெள்ளையாகத் துப்பினேன். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதையெல்லாமாடா காட்டுவாங்க, கருமம்" என்றாள், ஆனாலும் எட்டிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் கத்தரிக்காய் நிறம் போய், ஈறு செங்கொய்யாவின் உள்பக்கம் போல வெளிறிச் சிவந்திருந்தது.

பல்லைவிட வெற்றிலைதான் பெரிய பாடு. சந்தையில் வெற்றிலை போடாத தரகன் உண்டா? "என்னண்ணே, மாப்பிள்ளையாப் போறீங்களா, சாமியாராப் போறீங்களா?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டு சிரித்து வைத்தேன்.

எட்டாம் நாள் டாக்டர் கண்ணாடியின் காம்பால் ஈறை நாலு இடத்தில் தொட்டார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. "பேஷ்!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்து, கம்பவுண்டரை வந்து பார்க்கச் சொன்னார். "இவர்தான் போன வாரம் செங்கல் போட்டுத் தேய்ச்சவர்." கம்பவுண்டரும் எட்டிப் பார்த்தார். நானும் வாயை முடிந்த மட்டும் நன்றாகவே திறந்து காட்டினேன்.

அறுத்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசி போட்டதும் பாதி வாய் என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. அப்புறம் தச்சுப் பட்டறையில் கேட்கிற மாதிரி சத்தம். அரைமணி நேரத்துக்குள் பல் இரண்டு துண்டாக வந்தது. தையல் இரண்டு. ஈறு கெட்டியாக இருந்ததால் ரத்தம் சீக்கிரம் கட்டிவிட்டது என்றார். பல்லைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஆயிரம் மாட்டு வாய் பார்த்த எனக்கு, படுத்து முளைத்த பல் அதுதான் முதல் தடவை. முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் விட்டு மறுநாள் காலையில் நான் ஆறிய கஞ்சியோடு உட்கார்ந்திருக்கிறேன். இடக்கன்னம் பன் மாதிரி இருக்கிறது. ரொம்பப் பேசக்கூடாது என்று டாக்டர் உத்தரவு, பேசவும் வரவில்லை. வாசலில் செருப்புச் சத்தம். உப்பிலியபுரத்தார்! தோளில் ஒரு பச்சைமலைப் பலாப்பழம்.

அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. பெண் வீட்டுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"வாங்க மாமா, வாங்க. இவனுக்கு... குளவி கொட்டிடுச்சுங்க."

"குளவியா?" அவர் பலாப்பழத்தை இறக்கி வைத்தார். "காளை முட்டுன மாதிரி இல்ல இருக்கு!"

நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டு என் கன்னத்தையே பார்த்தார். "ஏழெட்டு நாளா மாப்பிள்ளை வெத்தலை போடுறதில்லைன்னு சந்தையில பேச்சு. ஏதும் நோவான்னு கேட்டா யாரும் சரியாச் சொல்லல. அதான் நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நம்ம வீட்டுல ஒரு தடவை பட்டாச்சு மாப்பிள்ளை. உள்ளதைச் சொல்லிருங்க. குறிச்ச நாளுல நடக்குமா, நடக்காதா?"

அக்கா வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். குளவிக் கதையெல்லாம் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. தோளில் இருந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டேன்.

அவர் முகம் மாறியது. எத்தனையோ தடவை இப்படி உட்கார்ந்திருக்கிறோம், ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மாடு நிற்கும். கன்னத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, துண்டுக்குள் அவருடைய நாலு விரலைத் தொட்டேன்.

"நாலு... நாலு நாளுல வத்திருமா?"

தலையை ஆட்டினேன். அவர் என் கையில் ஐந்தைத் தொட்டார். நான் மறுபடியும் நாலையே தொட்டேன்.

"சரி, நாலு. அப்ப முகூர்த்தம்?"

அவர் கையை முழுசாக, இறுகப் பிடித்தேன்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அவர் கை என் கையை அதே மாதிரி இறுக்கியது. துண்டை எடுத்து உதறி என் தோளில் போட்டுவிட்டு எழுந்தார்.

"முடிஞ்சுது. ஏம்மா, குளவி கொட்டுனா கஞ்சியா குடிப்பாங்க? பல்லு எடுத்திருக்காரு, எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளைக்கு ஆகாது, அந்தப் பலாப்பழத்தை நீ சாப்பிடு."

நாலாம் நாள் வீக்கம் வற்றிவிட்டது. நான் துண்டுக்குள் சொன்னால் சொன்னதுதான், உடம்புகூட அதை மீறாது. தையல் பிரித்து, டாக்டரைக் கும்பிட்டுவிட்டு, குறித்த நாளில் குறித்த நேரத்தில் உப்பிலியபுரத்தில் தாலி கட்டினேன். மிலிட்டரி மைத்துனன் பக்கத்தில் விறைப்பாக நின்றான். நான் சிரித்த சிரிப்பு கடைசிப் பந்தல்கால் வரைக்கும் தெரிந்தது.

மறுவீடு வந்த அன்றுதான் அவள் என்னிடம் முதல் தடவையாக நாலு வார்த்தை சேர்த்துப் பேசினாள்.

"ஏங்க, அக்கினி சுத்தும்போது என் சுண்டுவிரலைப் பிடிச்சீங்களா இல்லையா? எனக்குத் தெரியவே இல்ல. விட்டுட்டு முன்னாடி போயிட்டீங்களோன்னு பாத்தேன்."

"பிடிச்சுத்தான் இருந்தேன். என் கை அப்படி."

"அப்பாவும் அதான் சொன்னாரு. எங்க, வாயைத் திறங்க பாப்போம்."

மாடு வளர்க்கிற வீட்டுப் பெண்ணல்லவா, தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக் கடைசிவரை பார்த்தாள். "இந்தப் பக்கம் ஒன்னு குறையுது. போகட்டும். மிச்சத்தைப் பத்திரமா வச்சுக்கங்க" என்றாள்.

மறுநாள் விடிந்து கிணற்றடிக்குப் போனேன். துவைகல் மேல் சொம்பில் வெந்நீர் இருந்தது. அக்காவிடம் கேட்டிருப்பாள் போலிருக்கிறது, அதற்குள் என் பிரஷை நனையப் போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சலவைத் துண்டு, நாலாக மடித்து.